மொத்தக் கணக்கில் தெரியாத நெரிசல்: சர்வரில் நியூமா அளவீடுகளைப் படிப்பது எப்படி?

64 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லினக்ஸ் சர்வர். அதில் மைஎஸ்கியூஎல் ஓடுகிறது. டேட்டாபேஸின் பஃபர் பூலுக்கு 48 ஜிபி ஒதுக்கியிருக்கிறார்கள். மீதி 16 ஜிபி இயங்குதளத்துக்கும் சில்லறை வேலைகளுக்கும் தாராளமாகப் போதும். கண்காணிப்புத் திரையும் பத்து ஜிபிக்கு மேல் காலி என்றுதான் சொல்கிறது. ஆனாலும் சர்வர் ஸ்வாப் செய்கிறது. நினைவகத்திலேயே இருக்க வேண்டிய பக்கங்கள் டிஸ்க்குக்குப் போய்த் திரும்புகின்றன. சில மில்லி நொடியில் முடிகிற வினவல் பல நொடி தொங்குகிறது.

பெரிய டேட்டாபேஸ் சர்வர்களைப் பராமரித்த பலரை இந்தப் புதிர் ஒரு காலத்தில் படுத்தி எடுத்தது. மைஎஸ்கியூஎல் வல்லுநர் ஜெரமி கோல் 2010-ல் இதன் காரணத்தை விரிவாக எழுதினார். சர்வரின் 64 ஜிபியும் ஒரே குளமாக இல்லை; அது இரண்டு 32 ஜிபிகளாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதி நிரம்பி வழிந்தபோது மறுபாதியில் இடம் கிடந்தது. இரண்டையும் கூட்டிக் காட்டிய எண்ணில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இப்படிப் பிரிந்த அமைப்புக்கு நியூமா என்று பெயர். நான்-யூனிஃபார்ம் மெமரி ஆக்சஸ் என்பதன் சுருக்கம் அது. ஒரு கோரிலிருந்து பார்த்தால் நினைவகத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே தொலைவில் இருக்காது என்பதே இதன் சாரம். சர்வரை மேய்ப்பவர் எந்த எண்களைப் பார்க்க வேண்டும், அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

நினைவகம் ஏன் பிரிந்தது?

பழைய சர்வர்களில் ப்ராசஸர்கள் எல்லாம் ஃப்ரன்ட் சைடு பஸ் என்ற பொதுப் பாதை வழியாகவே நினைவகத்தை அடைந்தன. நினைவகக் கட்டுப்பாட்டுச் சிப் மதர்போர்டில் தனியாக இருந்தது. யார் கேட்டாலும் ஒரே தூரம், ஒரே தாமதம். கோர்கள் பெருகப் பெருக அந்தப் பாதையில் நெரிசல் கூடியது.

ஏஎம்டி நிறுவனம் 2003-ல் ஆப்டெரான் சிப்பில் நினைவகக் கட்டுப்பாட்டை ப்ராசஸருக்குள்ளேயே வைத்தது. இன்டெல் 2008-ன் இறுதியில் நெஹாலம் வடிவமைப்பில் அதே வழிக்கு வந்தது; 2009-ல் வந்த ஸியான் 5500 வரிசை அதைச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்தமாக ரேம் உண்டு. ஒரு சாக்கெட்டில் உள்ள கோர், அடுத்த சாக்கெட்டின் ரேமில் உள்ள தரவைக் கேட்டால் இரண்டையும் இணைக்கும் பாதையைத் தாண்டிப் போய்வர வேண்டும். அந்தப் பாதையை ஏஎம்டி ஹைப்பர்ட்ரான்ஸ்போர்ட் என்றது. இன்டெல் முதலில் கியூபிஐ என்றது, 2017 முதல் யூபிஐ என்கிறது. கொல்லையில் ஒரு கிணறு, அடுத்த தெருவில் ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் ஒன்றுதான், நடைதான் வேறு.

கோர்களும் அவற்றுக்கு நெருக்கமான ரேமும் சேர்ந்த தொகுப்பை நோடு என்கிறோம். வழக்கமான இரண்டு சாக்கெட் சர்வரில் சொந்த நோடின் நினைவகத்தை எட்ட ஏறத்தாழ 80 முதல் 100 நானோ நொடி ஆகும். அடுத்த நோடுக்குப் போனால் 130, 150 என்று ஏறும். மாடலுக்கு மாடல் இது மாறும். 50 நானோ நொடி பெரிய விஷயமா என்று தோன்றலாம். டேட்டாபேஸ் ஓர் இண்டெக்ஸில் தேடும்போது ஒரு பக்கத்தைப் படித்தால்தான் அடுத்த பக்கம் எங்கே என்று தெரியும். அப்படி ஒன்றையொன்று நம்பி நிற்கும் பத்து லட்சம் வாசிப்புகளை எடுத்துக்கொண்டால், 90 நானோ நொடி வீதம் 90 மில்லி நொடி. 140 வீதம் 140 மில்லி நொடி. நிரல் மாறவில்லை, தரவும் மாறவில்லை; தரவு இருக்கும் இடம் மட்டும் வேறு. போதாக்குறைக்கு, இணைப்புப் பாதையின் கொள்ளளவும் சொந்த ரேமின் கொள்ளளவைவிடக் குறைவு. எல்லோரும் ஒரே நேரத்தில் கடக்க முயன்றால் தாமதம் இன்னும் கூடும்.

முதலில் வரைபடம்

எண்களைச் சேகரிக்கும் முன் சர்வரின் அமைப்பு தெரிய வேண்டும். லினக்ஸில் நியூமாசிடிஎல் கருவியை ஹார்டுவேர் விவரம் கேட்டு ஓட்டினால் அது கிடைக்கும். மேலே சொன்ன சர்வரில் அதன் விடை கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (எண்கள் மாதிரிக்கு):

நோடு 0: கோர்கள் 0 முதல் 7 வரை, அளவு 32,200 எம்பி, காலி 140 எம்பி
நோடு 1: கோர்கள் 8 முதல் 15 வரை, அளவு 32,250 எம்பி, காலி 12,900 எம்பி
தொலைவு: நோடு 0-லிருந்து 10, 21, நோடு 1-லிருந்து 21, 10

காலி இடத்தைக் கூட்டினால் 13 ஜிபி. மொத்தக் கணக்கு பார்க்கும் திரை இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் நோடு 0-ல் மூச்சுவிடவும் இடமில்லை.

கடைசி வரியில் உள்ள தொலைவு எண்களைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 10 என்றால் சொந்த நோடு. 21 என்றால் அதைவிட 2.1 மடங்கு தொலைவு என்று சொல்லிக்கொள்கிறது. அதைச் சொல்வது சர்வரின் ஃபர்ம்வேர். யாரும் அங்கே அளந்து பார்த்து எழுதவில்லை. உண்மைத் தாமதம் பெரும்பாலும் ஒன்றரை மடங்கை ஒட்டியே இருக்கும். நிஜமான நானோ நொடி வேண்டுமென்றால் இன்டெல் தரும் மெமரி லேட்டன்சி செக்கர் போன்ற கருவியை, வேலை எதுவும் ஓடாத நேரத்தில் ஓட்டி அளக்க வேண்டும்.

சாக்கெட்டுக்கு ஒரு நோடு என்ற கணக்கும் எப்போதும் சரிவராது. ஏஎம்டியின் 2017 எபிக் வரிசையில் ஒரு சாக்கெட்டுக்குள் நான்கு சிப்கள், ஒவ்வொன்றும் ஒரு நோடு. இரண்டு சாக்கெட் சர்வர் எட்டு நோடாகத் தெரியும். 2019-ல் வந்த அடுத்த தலைமுறையில் ஒரு சாக்கெட்டை ஒன்று, இரண்டு அல்லது நான்கு நோடாகக் காட்டும் தேர்வு பயாஸ் அமைப்புக்குப் போனது. இன்டெல்லில் சப்-நியூமா கிளஸ்டரிங் இதே வேலையைச் செய்கிறது. ஒரே மாடல் சர்வர்கள் இரண்டு வாங்கி, ஒன்றில் மட்டும் இந்த அமைப்பு மாறியிருந்தால் இரண்டின் எண்களையும் ஒப்பிடவே முடியாது. ஆகவே நோடுகளின் எண்ணிக்கையும் தொலைவு அட்டவணையும் சர்வரின் பதிவேட்டில் இருக்கட்டும். பயாஸ் புதுப்பித்த பிறகு அவை மாறினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

பக்கம் எங்கே போய் உட்காரும்?

நிரல் நினைவகம் கேட்டதும் லினக்ஸ் தருவது வெறும் வாக்குறுதி. அந்த முகவரியில் முதன்முதலாக எந்த த்ரெட் எழுதுகிறதோ, அது அப்போது ஓடும் நோடில்தான் உண்மையான பக்கம் பிடிக்கப்படும். இதற்கு ஃபர்ஸ்ட் டச் என்று பெயர். சொந்த நோடில் இடமில்லை என்றால் கெர்னல் அடுத்த நோடில் தேடும்.

மைஎஸ்கியூஎல் விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பஃபர் பூலைத் தொடக்கத்தில் தயார் செய்வது ஒரே ஒரு த்ரெட். அது நோடு 0-ல் ஓடினால் முதல் 32 ஜிபி அங்கேயே குவியும். மீதிதான் நோடு 1-க்கு வழியும். பிறகு நோடு 0-ல் ஏதாவது இடம் தேவைப்படும்போது அங்கே கொடுக்க ஒன்றுமில்லை. நினைவகத்தைக் காலி செய்யும் கேஸ்வாப்டி என்ற கெர்னல் வேலையாள் நோடுக்கு ஒருவர் உண்டு. நோடு 0-ன் வேலையாள் விழித்தால் தன் நோடின் பக்கங்களை மட்டுமே பார்ப்பார்; பக்கத்து நோடில் 12 ஜிபி சும்மா கிடப்பது அவர் கணக்கில் வராது. நோடு 0-ல் இருப்பதோ பெரும்பாலும் பஃபர் பூல். அதையே டிஸ்க்குக்குத் தள்ளுவார்.

கோல் சொன்ன தீர்வு எளியது. டேட்டாபேஸைத் தொடங்கும்போதே நியூமாசிடிஎல் வழியாக எல்லா நோடுகளுக்கும் மாறி மாறிப் பங்கிடச் சொல்வது. இதை இன்டர்லீவ் என்கிறார்கள். மைஎஸ்கியூஎல் 5.6.27, 5.7.9 பதிப்புகளிலிருந்து டேட்டாபேஸின் அமைப்பிலேயே இதற்கு ஒரு தேர்வு வந்துவிட்டது. இரண்டு நோடு சர்வரில் இன்டர்லீவ் செய்தால் ஏறத்தாழ பாதி வாசிப்பு எப்போதும் தூரத்திலிருந்துதான் வரும். ஆனால் ஒரு நோடு மட்டும் திணறுவது நின்றுவிடும். 48 ஜிபி எப்படியும் ஒரு நோடில் அடங்காது என்னும்போது அது லாபமான பேரம்.

ஆறு கவுண்டர்கள்

நியூமாஸ்டாட் என்று தட்டினால் நோடு வாரியாக ஆறு வரிகள் வரும். கண்காணிப்புக் கருவிகளில் பெரும்பாலானவை சேகரிப்பது இவற்றைத்தான்.

நியூமா ஹிட்: இந்த நோடில்தான் வேண்டும் என்று கேட்டு, இந்த நோடிலேயே கிடைத்த பக்கங்கள்.
நியூமா மிஸ்: வேறு நோடில் கேட்டது, அங்கே இல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தவை.
நியூமா ஃபாரின்: இந்த நோடில் கேட்டது, இடமில்லாமல் வேறு நோடுக்குப் போனவை.
இன்டர்லீவ் ஹிட்: மாறி மாறிப் பங்கிடும் கொள்கைப்படி இந்த நோடுக்கு வந்தவை.
லோக்கல் நோடு: கேட்ட நிரலும் அப்போது இந்த நோடிலேயே ஓடிக்கொண்டிருந்தது.
அதர் நோடு: பக்கம் இங்கே பிடிக்கப்பட்டது; கேட்ட நிரல் வேறு நோடில் ஓடியது.

ஒரு மாதிரியைக் கையில் வைத்துப் படிப்போம்.

நோடு 0: ஹிட் 81,24,00,000, மிஸ் 0, ஃபாரின் 52,00,000, லோக்கல் 81,20,00,000, அதர் 4,00,000
நோடு 1: ஹிட் 39,80,00,000, மிஸ் 52,00,000, ஃபாரின் 0, லோக்கல் 39,75,00,000, அதர் 57,00,000

நோடு 0-ன் ஃபாரினும் நோடு 1-ன் மிஸ்ஸும் ஒரே எண். இது தற்செயல் அல்ல. ஒரு வரவுக்கு ஒரு செலவு போல இவை எப்போதும் சோடியாகவே ஏறும். நோடு 0-ல் இடம் கேட்டு, கிடைக்காமல், நோடு 1-க்குத் திருப்பிவிடப்பட்டவை 52 லட்சம் பக்கங்கள். பக்கம் 4 கேபி என்றால் சுமார் 20 ஜிபி. ஆகவே நெரிசல் எங்கே என்று தேடுபவர் பார்க்க வேண்டியது ஃபாரின் ஏறும் நோடை. மிஸ் ஏறும் நோடு அடுத்தவர் சுமையை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மிஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு நோடு 1-ல் கோளாறு என்று கிளம்புவது வழக்கமாக நடக்கும் தடுமாற்றம்.

இன்னொன்று: ஒவ்வொரு நோடிலும் ஹிட்டையும் மிஸ்ஸையும் கூட்டினால் வருவது, லோக்கலையும் அதரையும் கூட்டினால் வருவதற்குச் சமம். ஒரே ஒதுக்கீடுகளை இரண்டு கேள்விகளால் பிரிப்பதுதான் காரணம். முதல் சோடி 'கேட்ட இடத்தில் கிடைத்ததா?' என்று கேட்கிறது. இரண்டாவது சோடி 'ஓடும் இடத்தில் கிடைத்ததா?' என்று கேட்கிறது. நோடு 0-ல் ஓடும் நிரலை நோடு 1-ன் நினைவகத்தை மட்டுமே பயன்படுத்தும்படி யாரோ கட்டிப்போட்டிருந்தால், நோடு 1-ல் ஹிட் ஏறிக்கொண்டே போகும், மிஸ் பூச்சியம். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதர் நோடு கவுண்டர்தான் குட்டை உடைக்கும்.

இந்த எண்கள் சர்வர் பூட் ஆனதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. ஒரு வருடமாக ஓடும் சர்வரில் மிஸ் பல கோடி இருப்பதால் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை; அது போன தீபாவளி சமயத்தில் ஒருநாள் நடந்த பேக்கப்பின் எச்சமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது ஏற்றத்தின் வேகம்: நொடிக்கு எத்தனை, இப்போது எவ்வளவு. ஆறு வரிகளும் அசையாமலே நின்றால் கெர்னல் அமைப்பில் இந்தக் கணக்கெடுப்பையே யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நினைவக ஒதுக்கீட்டு வேகத்துக்காக அப்படி அணைத்து வைக்க வழி இருக்கிறது.

ஹிட் நூறு சதவீதம், சர்வர் மந்தம்

இனி வருவதுதான் முக்கியமான இடம். மேலே சொன்ன ஆறும் ஒதுக்கீட்டை எண்ணுபவை. பக்கம் பிடிக்கும் அந்த ஒரு கணத்தை மட்டுமே அவை பதிவு செய்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யார், எங்கிருந்து, எத்தனை கோடி தடவை படித்தார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

ஒரு த்ரெட் நோடு 0-ல் தொடங்கி 10 ஜிபி பிடிக்கிறது. எல்லாம் ஹிட், எல்லாம் லோக்கல். சற்று நேரத்தில் கோர்களின் சுமையைச் சமன் செய்யும் ஷெட்யூலர் அந்த த்ரெட்டை நோடு 1-க்கு மாற்றுகிறது. தரவு பழைய இடத்திலேயே கிடக்கிறது. இனி அதன் ஒவ்வொரு வாசிப்பும் இணைப்புப் பாதையைத் தாண்டித்தான். புதிதாகப் பக்கம் எதுவும் பிடிக்காததால் கவுண்டர்களில் ஒரு எண்கூட அசையாது. தொடங்கும்போதே நினைவகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும் டேட்டாபேஸுக்கும் ஜாவா சர்வருக்கும் இது சர்வசாதாரணம். நியூமாஸ்டாட்டை மட்டும் நம்பினால் எங்கே மந்தம் என்று தெரியாமலே போகும். அதனால் ஒதுக்கீட்டுக் கணக்கோடு பயன்பாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, இருப்பிடச் சோதனை. ஒரு பிராசஸின் எண்ணைக் கொடுத்து நியூமாஸ்டாட்டை ஓட்டினால், அதன் நினைவகம் எந்த நோடில் எத்தனை எம்பி என்று பிரித்துச் சொல்லும். ப்ராக் அடைவில் அந்தப் பிராசஸுக்கு உரிய நியூமா மேப்ஸ் கோப்பு இன்னும் நுணுக்கமாக, ஒவ்வொரு முகவரித் துண்டுக்கும் நோடு வாரியான பக்க எண்ணிக்கை தரும். த்ரெட்கள் எந்தக் கோரில் ஓடுகின்றன என்பதையும் பக்கத்தில் வைத்தால் பொருத்தம் தெரிந்துவிடும். நினைவகம் 90 சதவீதம் நோடு 0-ல், த்ரெட்கள் எல்லாம் நோடு 1-ல் என்றால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். பெரிய பிராசஸில் நியூமா மேப்ஸ் கோப்பைப் படிப்பதே கெர்னலுக்குச் சுமை. நிமிடத்துக்கொருமுறை தானாகப் படிக்க வைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, கெர்னல் தானே வைக்கும் பொறி. 2013-ல் வந்த லினக்ஸ் 3.8-ல் தானியங்கி நியூமா சமன்படுத்தலுக்கு அடித்தளம் போட்டார்கள். கெர்னல் ஒரு பிராசஸின் பக்கங்களில் சிலவற்றை அவ்வப்போது வேண்டுமென்றே எட்டாதபடி குறித்து வைக்கும். அடுத்து அதைத் தொடும் த்ரெட் ஒரு ஃபால்ட்டில் சிக்கும். எந்த நோடிலிருந்து தொட்டது என்று கெர்னலுக்கு அப்போது தெரிந்துவிடும். தேவைப்பட்டால் பக்கத்தை அந்த நோடுக்கே நகர்த்தும். இந்தக் கணக்கு விஎம்ஸ்டாட் கோப்பில் வருகிறது. ஹின்ட் ஃபால்ட்ஸ் என்பது பொறியில் சிக்கிய மொத்தம். ஹின்ட் ஃபால்ட்ஸ் லோக்கல் என்பது அதில் சொந்த நோடிலிருந்து வந்தவை. பேஜஸ் மைக்ரேட்டட் என்பது நகர்த்தப்பட்டவை.

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், நேரடியாகப் பயன்பாட்டையே பேசும் அருமையான குறியீடு. மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் என்றாலும், 95 சதவீதத்தில் நின்றது 60-க்கு இறங்கினால் எங்கோ பொருத்தம் குலைந்துவிட்டது என்று பொருள். நகர்த்தப்பட்ட பக்கங்களின் வேகத்தையும் கூடவே பாருங்கள். புதிய வேலை தொடங்கியதும் அது சட்டென்று ஏறி, பிறகு அடங்கினால் நல்லது. கெர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. மணிக்கணக்கில் அடங்காமல் ஓடினால், இரு நோடுகளின் த்ரெட்களும் ஒரே பக்கங்களுக்குப் போட்டியிட, அவை பந்துபோல அங்குமிங்கும் போய்க்கொண்டிருக்கலாம். அப்போது நகர்த்துவதற்கான செலவே தொல்லையாகிவிடும். இன்டர்லீவ் செய்த டேட்டாபேஸ்களுக்கு இந்தத் தானியங்கிச் சமன்படுத்தலைச் சிலர் அணைத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அணைத்தால் இந்தக் கவுண்டர்களும் நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வழி, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கவுண்டர்கள். லினக்ஸின் பெர்ஃப் கருவியில் நோடு லோட்ஸ், நோடு லோடு மிஸ்ஸஸ் என்ற நிகழ்வுகள் உண்டு. கேஷில் கிடைக்காமல் நினைவகம்வரை போன வாசிப்புகளில் எத்தனை அடுத்த நோடுக்குப் போயின என்று அவை சொல்லும். இன்டெல் சர்வர்களுக்குப் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் மானிட்டர், ஏஎம்டிக்கு யூப்ராஃப் என்று தனிக் கருவிகளும் இருக்கின்றன. நோடு வாரியான ரேம் போக்குவரத்தையும், இன்டெல்லில் யூபிஐ பாதையின் நெரிசலையும் இவற்றால் அளக்கலாம். மூன்று வழிகளில் உண்மைக்கு மிக நெருக்கமானது இதுதான். எல்லா ப்ராசஸர்களிலும் எல்லா நிகழ்வுகளும் கிடைக்காது. விஎம்முக்குள் பெரும்பாலும் எட்டாது.

காலி இடத்தை எப்படிப் படிப்பது?

நோடு வாரியான நினைவக விவரம் சிஸ் அடைவில் ஒவ்வொரு நோடுக்கும் தனி மெம்இன்ஃபோ கோப்பாக இருக்கிறது. அதில் மெம்ஃப்ரீ குறைந்தவுடன் அலர்ட் வைத்தால் இரவு முழுக்க அலறும். லினக்ஸ் காலி இடத்தைச் சும்மா விடாது. டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளின் கேஷால் நிரப்பிவிடும். அந்தக் கேஷை வேண்டும்போது உடனே விடுவித்துக்கொள்ளலாம். அப்படி உடனே விடுவிக்க முடியாதது அனான் பேஜஸ், அதாவது நிரல்களின் சொந்தத் தரவு. ஒரு நோடில் அனான் பக்கங்கள் மொத்த அளவை நெருங்கி, கோப்புக் கேஷ் சுருங்கி, மற்ற நோடில் கேஷ் தாராளமாக இருந்தால் அதுதான் உண்மையான சாய்வு. பெரிய பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் அவையும் நோடு வாரியாகவே பிரிந்திருக்கும். ஒரு நோடில் தீர்ந்து மறுநோடில் மீந்திருக்கிறதா என்று அதையும் பாருங்கள்.

பழைய கெர்னல்களில் ஜோன் ரீக்ளெய்ம் மோடு என்ற அமைப்பு சில சர்வர்களில் தானாகவே இயங்கியது. அடுத்த நோடில் இடம் இருந்தாலும் அங்கே போகாமல், சொந்த நோடின் கோப்புக் கேஷைத் துடைத்து இடம் தேடும். கேஷை நம்பியிருந்த டேட்டாபேஸ்களுக்கு அது பெரும் தொல்லை. 2014-ல் வந்த லினக்ஸ் 3.16 முதல் இயல்பாகவே அது அணைந்திருக்கும். யாராவது பழைய டியூனிங் குறிப்பைப் பார்த்து மறுபடி ஏற்றிவைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

நெட்வொர்க் கார்டுக்கும் நோடு உண்டு. அது செருகியிருக்கும் பிசிஐ ஸ்லாட் ஏதோ ஒரு சாக்கெட்டோடுதான் இணைந்திருக்கும். சிஸ் அடைவில் அந்தக் கார்டின் நியூமா நோடு கோப்பைப் படித்தால் எண் தெரியும். மைனஸ் 1 என்று வந்தால் ஃபர்ம்வேர் சொல்லவில்லை அல்லது ஒரே நோடு சர்வர். பாக்கெட்டுகள் நோடு 1-ல் வந்திறங்க, அவற்றைக் கையாளும் நிரல் நோடு 0-ல் ஓடினால் ஒவ்வொரு பாக்கெட்டும் பாதையைத் தாண்ட வேண்டும்.

டாஷ்போர்டில் எதை வைப்பது?

ப்ரொமீதியஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: நோடு எக்ஸ்போர்ட்டரில் நியூமா விவரம் சேகரிக்கும் மெம்இன்ஃபோ நியூமா பகுதி இயல்பாக அணைந்திருக்கும். அதைத் தொடங்கும்போதே இயக்கிவிட வேண்டும். கலெக்ட்டியில் இதற்கென்று தனிச் செருகுநிரல் உண்டு. கிராஃப்களில் நோடு வாரியாகக் கோடு போடுங்கள். கூட்டிப்போட்டால் வந்த காரியமே கெட்டுவிடும்.

எப்போதும் ஓட வேண்டியவை நான்கு: நோடு வாரியாக அனான் பக்கமும் கோப்புக் கேஷும், ஃபாரின் கவுண்டரின் வேகம், ஹின்ட் ஃபால்ட்டில் லோக்கல் விகிதம், நகர்த்தப்பட்ட பக்கங்களின் வேகம். ஸ்வாப் அளவீடு ஏற்கெனவே இருக்கும். அதையும் இவற்றின் அருகே கொண்டுவந்து வையுங்கள். பெர்ஃப் கவுண்டர்களும் பிராசஸ் வாரியான சோதனையும் சந்தேகம் வந்தபின் எடுக்கும் கருவிகள்.

எத்தனைக்கு மேல் போனால் அலர்ட் என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. உங்கள் சர்வர் நன்றாக ஓடும் ஒரு வாரத்தின் அளவை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து விலகும்போது, அதுவும் அப்ளிகேஷனின் பதில் நேரமும் சேர்ந்து கெடும்போது மட்டும் ஆளை எழுப்புங்கள். இரவு பேக்கப் ஓடும்போது ஃபாரின் ஏறுவது இயல்பு.

விஎம் என்றால் உள்ளே இருந்து பார்த்துப் பயனில்லாமல் போகலாம். கெஸ்ட்டுக்கு ஒரே நோடாகத் தெரிவது ஹோஸ்ட்டில் இரண்டு நோடில் பரவியிருக்கும். விஎம்வேர் 2011-ல் வந்த விஸ்பியர் 5 முதல் பெரிய விஎம்களுக்கு நோடு அமைப்பை உள்ளே காட்டுகிறது. ஒரு விஎம்மின் நினைவகத்தில் எத்தனை சதவீதம் அதன் சொந்த நோடில் இருக்கிறது என்பதை ஹோஸ்ட்டின் ஈஎஸ்எக்ஸ்டாப் கருவி காட்டும். குபெர்னெட்டீஸில் டோபாலஜி மேனேஜர் 2023-ல் வந்த 1.27 பதிப்பில் நிலைபெற்றது. கோரும் சாதனமும் ஒரே நோடில் கிடைத்தால்தான் பாட் என்னும் கன்டெய்னர் தொகுப்பை ஏற்பேன் என்று அதைக் கறாராக வைக்கலாம். அப்படி வைத்தால் நோடு பொருந்தாமல் மறுக்கப்படும் பாட்களையும் எண்ண வேண்டும்; மொத்தத்தில் இடம் இருக்கிறதே, ஏன் பாட் ஏறவில்லை என்ற கேள்வி அங்கேயும் வரும்.

எல்லாத் தூரமும் கெடுதல் அல்ல

2013-ல் கூகுள் தன் டேட்டா சென்டர்களில் நியூமாவின் பாதிப்பை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியானது. ஜிமெயிலின் பின்னணிச் சேவையிலும் வலைத்தேடலின் முன்னணிச் சேவையிலும் 10 முதல் 20 சதவீதம்வரை பாதிப்பு இருந்ததாக அது சொன்னது. அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. த்ரெட்களை எல்லாம் தரவு இருக்கும் நோடிலேயே குவித்தால் அந்த சாக்கெட்டின் கேஷுக்கு அடிதடி. சிலவற்றை அடுத்த சாக்கெட்டுக்கு அனுப்பினால் தூரம் கூடும், கேஷ் நெரிசல் குறையும். எது லாபம் என்பது வேலைக்கு வேலை மாறும். ஆகவே லோக்கல் விகிதத்தை 100-க்குக் கொண்டுபோவது இலக்கு ஆகாது. பயனருக்கு விடை போய்ச் சேரும் நேரம்தான் இலக்கு. மற்றவை அதற்குத் துப்பு.

இப்போது சிஎக்ஸ்எல் வழியாக இணைக்கும் கூடுதல் நினைவகம் சர்வர்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. லினக்ஸ் அதைக் கோரே இல்லாத ஒரு நோடாகக் காட்டும். அங்கே எந்த நிரலும் ஓட முடியாது என்பதால் அந்த நோடில் லோக்கல் நோடு கவுண்டர் ஒருபோதும் ஏறாது. வருவதெல்லாம் அதர் கணக்கில்தான் சேரும். பழைய அலர்ட் விதிகளை அப்படியே வைத்திருந்தால் முதல் நாளே பொய் எச்சரிக்கை குவியும்.

நியூமாசிடிஎல் ஒரே நோடு என்று சொன்னால் இதில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அந்த நேரத்தை டிஸ்க்குக்கும் வினவலுக்கும் கொடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் சேகரிப்பை இன்றே இயக்கிவிட்டு, அமைப்பில் கை வைப்பதற்கு முன் ஒரு வாரத்து எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்: இன்டர்லீவ் ஆகட்டும், த்ரெட்களை நோடில் கட்டிப்போடுவதாகட்டும், தானியங்கிச் சமன்படுத்தலை அணைப்பதாகட்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று அந்த ஆறு கவுண்டர்களாலும் சொல்ல முடியாது.